படுக்க விடாத ஆஸ்பத்திரி

பெருங்குடலில் கட்டி இருக்கிறது, அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் பாலகணேஷ் சொன்னபோது ஞானதுரை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மகன் சாவியோ அணைந்துபோன செல்போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டி யார் வயிற்றில் இருந்ததோ அந்த ஃப்ளோரா மட்டும் சற்று யோசித்துவிட்டு, "ஆபரேஷனுக்கு அப்பால எத்தினி நாள் சார் படுத்துகினு கெடக்கணும்?" என்று கேட்டாள்.

டாக்டருக்கு இது பழகிய கேள்வி. பயந்துபோனவர்கள் எல்லோரும் கேட்பதுதான். "அதப் பத்திக் கவலையே படாதீங்கம்மா. ரொம்ப நாளெல்லாம் படுக்க வைக்க மாட்டோம்" என்றார் இதமாக.

ஃப்ளோராவின் முகம் சுருங்கியது. அதையும் அவர் பயம் என்றே எடுத்துக்கொண்டார். ரொம்ப நாள் இல்லை என்றால் ஒரு மாதம் கிடையாது, பதினைந்து நாளாவது இருக்கும் என்று அவள் மனதுக்குள் பேரத்தை முடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஃப்ளோராவுக்கு ஐம்பத்தாறு வயது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் வீடு. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வால் பிடித்தது போல நிற்குமே, அந்த வரிசைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி அவளுடைய சாப்பாட்டுக் கடை. லாரி நகராத நாளெல்லாம் அவளுக்கு வியாபார நாள். விடியும் முன்னே இட்லி, மதியம் சோறும் மீன் குழம்பும், சாயங்காலம் மறுநாளுக்கு அரைக்கிற வேலை. பிள்ளை பெற்ற வாரத்தைத் தவிர அவள் பகலில் முதுகைத் தரையில் சாய்த்ததில்லை என்று எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

படுக்கும் வேலையை வீட்டில் ஞானதுரை பார்த்துக்கொண்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேபினில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது என்பது அவருடைய வாதம். காலையில் கடைக்குப் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுப்பார். அந்தக் களைப்பு தீர மத்தியானம் வரை நாடாக் கட்டிலில் கிடப்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வேலை என்று ஒன்று வீட்டில் நடப்பதே அவர் கண்ணில் பட்டதில்லை, அவ்வளவுதான்.

ஃப்ளோராவுக்கு ஓய்வைப் பற்றித் தெளிவான ஒரு படம் மனதில் இருந்தது. அந்தப் படத்தில் இருந்தவள் நாத்தனார் அமலோற்பவம். சில வருஷங்களுக்கு முன்னால் அமலோற்பவத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் காலைத் தரையில் வைக்கவில்லை. அந்த ஒரு மாதமும் கடையை மூடிவிட்டுத் தண்டையார்பேட்டைக்கு ஓடிப்போய் அவளுக்குத் தலை வாரி, வெந்நீர் வைத்து, ஆப்பிளைத் தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுத்தது ஃப்ளோராதான். அமலோற்பவம் ஒரு துண்டை எடுப்பாள், கண்ணை மூடுவாள், "யப்பா" என்பாள். அந்த "யப்பா" ஃப்ளோராவின் காதில் அப்படியே தங்கிவிட்டது.

அதனால் ஆபரேஷன் தேதி குறித்ததும் அவள் செய்த முதல் காரியம், எம்.சி. ரோட்டுக்குப் போய் இரண்டு புது நைட்டி வாங்கியதுதான். ஒன்றில் ரோஜாப்பூ. இன்னொன்றில் கிளி. படுத்துக்கொண்டிருக்கும்போது பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும் உடுப்பு என்பதால் நல்லதாகவே எடுத்தாள். "அண்ணி, நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்" என்று அமலோற்பவத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். அமலோற்பவம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் வேறு மாதிரியான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களிலேயே தினமும் நடக்கச் சொன்னார்கள். முட்டை, மீன், பருப்பு என்று சத்தாகச் சாப்பிடச் சொன்னார்கள். ரத்தம் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து ஊசி போட்டார்கள். உள்ளே மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் சாதனம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். நுரையீரலுக்குப் பயிற்சி.

அதைக் கடைக்குக் கொண்டுவந்ததுதான் தப்பு. லாரிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒன்று வாங்கி வந்து, வரிசை நகராத நேரமெல்லாம் போட்டி நடத்தினார்கள். மீஞ்சூர்க்காரர் ஒருவர், டயரை ஒற்றை ஆளாகக் கழற்றுகிறவர், பீடி குடித்த நெஞ்சால் ஒரு பந்தைக்கூட ஏற்ற முடியாமல் கண் சிவந்து உட்கார்ந்துவிட்டார். ஃப்ளோரா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்து ஒரே இழுப்பில் மூன்றையும் ஏற்றிவிட்டு, மறுபடி கரண்டியை எடுத்தாள். அன்றைக்கு அந்த மனிதர் பீடிக் கட்டைச் சாலையோரம் வீசினார். மறுநாள் தேடி எடுத்தார் என்றும் சொல்கிறார்கள்.

ஆபரேஷன் அன்று காலை முதல் தகராறு. உள்ளே கூட்டிப்போக இரண்டு மணி நேரம் இருக்கும்போது, தஸ்னீம் என்ற நர்ஸ் ஒரு தம்ளரில் இனிப்பான பானம் கொண்டுவந்து ஃப்ளோராவிடம் நீட்டினாள். தண்டையார்பேட்டைப் பெண். குரல் மெல்லியது, பிடி இரும்பு.

அமலோற்பவம் குறுக்கே கை நீட்டித் தடுத்தாள். "இன்னாம்மா பண்ற நீ? ஆபரேஷனுக்குப் போறவளுக்கு ஜூஸ் குடுக்குற? எனுக்கு மொதநாள் மத்தியானத்துலேர்ந்து பச்சத்தண்ணி காட்டல. ஒதடு ஒட்டிப் போச்சு."

"அது பழைய முறை ஆன்ட்டி. திட உணவுதான் கூடாது. இந்த மாதிரி தெளிஞ்ச தண்ணி குடிக்கலாம். வெறும் வயத்தோட, பயந்து, களைச்சுப் போய் உள்ள போகக் கூடாது. டாக்டரே எழுதியிருக்காரு" என்றாள் தஸ்னீம்.

அவர்கள் பேசி முடிப்பதற்குள் ஃப்ளோரா குடித்து முடித்திருந்தாள். இது நல்ல ஆஸ்பத்திரி என்று அவளுக்குத் தோன்றியது. மயக்க மருந்து ஏறும்போது அவள் மனதில் பயம் குறைவாகவும் எதிர்பார்ப்பு அதிகமாகவும் இருந்தது என்று பிறகு அவளே சொன்னாள்.

கண் விழித்தபோது வயிற்றில் சின்னச் சின்னதாகச் சில கட்டுகள். வலி இருந்தது, ஆனால் நினைத்த அளவு இல்லை. மெத்தை மேலே ஏறவும் இறங்கவும் செய்யும் வகை. ஏசி ஓடியது. ஜன்னலில் சாயங்கால வெளிச்சம். அந்த நேரத்தில் மறுநாளுக்கு மாவு அரைக்க வேண்டாம் என்று நினைவு வந்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். கண்ணை மூடிக்கொண்டு, "யப்பா" என்றாள்.

"அம்மா, எந்திரிங்க. உக்காந்து பாப்போம்" என்றது மெல்லிய குரல்.

ஃப்ளோரா கண்ணைத் திறக்கவில்லை. குறட்டை விட்டாள்.

"அம்மா, இவ்ளோ ஒழுங்கா யாரும் குறட்டை விட மாட்டாங்க. கட்டில் ஓரமா காலத் தொங்கப் போட்டு ஒக்காருங்க. தலை சுத்தலன்னா நாலடி நடக்கலாம்."

"இன்னிக்குத்தானே கண்ணு அறுத்தீங்கோ."

"ஆமா. இன்னிக்கேதான் நடக்கணும்."

"நாளைக்கு நடக்குறனே."

"நாளைக்கு இன்னும் நெறைய நடப்பீங்க."

தஸ்னீம் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொண்டே வந்தாள். ஃப்ளோரா சரிந்து விழாமல் இருக்க வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். பிறகு நின்றாள். பிறகு ரோஜாப்பூ நைட்டியோடு கதவு வரை போய்த் திரும்பினாள். பக்கத்துக் கட்டிலில் ரஹீமுன்னிசா என்ற வண்ணாரப்பேட்டை அம்மா படுத்திருந்தார். அவருக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை. ஃப்ளோரா நடப்பதைப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு பார்த்தார். "இதே கதிதானா எனக்கும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கும்தாம்மா" என்றாள் தஸ்னீம்.

மறுநாள் மூத்திரக் குழாயை எடுத்துவிட்டார்கள். அது இருந்தவரை எழுந்து போகாமல் இருக்க ஒரு சாக்கு இருந்தது, அதுவும் போனது. காலையில் கஞ்சி, மதியம் குழைந்த சோறும் தயிரும், நடுவில் புரத பானம். சாப்பாடு வருவது நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டையும் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு வராந்தாவில் ஒரு நடை. அத்தோடு, மெல்லுவதற்கு சூயிங்கம் கொடுத்தார்கள். மெல்ல மெல்ல, சாப்பாடு வருகிறது என்று குடல் நினைத்துக்கொண்டு சீக்கிரம் அசையத் தொடங்குமாம்.

அமலோற்பவம் ஜெபமாலையும் வெந்நீர் பிளாஸ்கும் ஒரு பை ஆப்பிளுமாக வந்தபோது, படுத்துக் கிடக்க வேண்டிய தம்பி மனைவி ஜன்னலோர நாற்காலியில் கிளி போட்ட நைட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்கிறவன் போல இருந்தாள்.

அமலோற்பவம் பிளாஸ்கை மெதுவாகக் கீழே வைத்தாள். "இன்னாடி கோலம் இது?"

"மருந்து அண்ணி" என்றாள் ஃப்ளோரா துக்கத்தோடு, மெல்லுவதை நிறுத்தாமல்.

அன்றைக்கு டாக்டர் வந்ததும் அமலோற்பவம் எழுந்து நின்றுகொண்டாள். கட்டில் தட்டுப்பாட்டினால்தான் ஏழைகளை இப்படி விரட்டுகிறார்களா என்று நேரடியாகக் கேட்டாள். டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

"முன்ன நாங்களும் நீங்க சொல்ற மாதிரிதாம்மா செஞ்சோம். பட்டினி போடுவோம், வாரக்கணக்கா படுக்க வைப்போம். ஆபரேஷன்னாலே உடம்பு ஆடிப்போயிடும். நோயை எதிர்க்கிற சக்தி கொஞ்ச நாளைக்குக் கீழ இறங்கும். கிருமி உள்ள புகுறது அந்த நேரத்துலதான். பட்டினி கெடந்தா அந்தச் சக்தி இன்னும் இறங்கும். படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும். சீக்கிரம் சாப்பிட்டு, வலியக் கொறச்சு, நடக்க வச்சா அந்தச் சக்தி சீக்கிரம் ஏறிடுது. இவங்க ரத்தத்துல வெள்ளணு பாத்தோம், வீக்கத்தோட அளவும் பாத்தோம். நல்லா வந்துட்டிருக்கு. எல்லாருக்கும் இதே வேகத்துல வரும்னு சொல்ல மாட்டேன். இவங்களுக்கு வந்திருக்கு."

"அப்போ எனுக்கு ஒரு மாசம் படுக்கச் சொன்னது?"

"அவ்வளவு நாள் தேவைப்பட்டிருக்காதும்மா. நடந்திருக்கலாம்."

அமலோற்பவத்துக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த ஒரு மாதம் அவளுடைய வாழ்க்கையில் பெரிய காலம். கல்யாணங்களிலும் சாவு வீடுகளிலும் அதைப் பற்றி அவள் சொல்லாத ஆளில்லை. அதை ஒருவர் இவ்வளவு சுலபமாகத் தேவையில்லை என்று தள்ளியது அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அவளைவிட அதிகம் அதிர்ந்தது நாற்காலியில் இருந்தவள்தான். ஃப்ளோரா மெல்லுவதை நிறுத்தினாள். "அப்போ நான் கடைய மூடிட்டு ஒரு மாசம் ஆப்பிள் நறுக்கனது?" என்று கேட்டாள். டாக்டருக்கு அது புரியவில்லை. அமலோற்பவத்துக்குப் புரிந்தது. அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் எல்லோரும் ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தார்கள். குடல் வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம் காற்று பிரிவது. டாக்டர் வரும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். "காத்து போச்சாம்மா?" எத்தனை பேர் சுற்றி நின்றாலும் கேட்பார். ஃப்ளோரா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தை அந்த வீட்டில் உரக்கச் சொல்லப்பட்டதில்லை. இப்போது சாவியோ வேலைக்குப் போன இடத்திலிருந்து போன் போட்டு, "ம்மா, அது இன்னா ஆச்சு?" என்று கேட்டான். ஞானதுரை காதருகே குனிந்து, துறைமுகத்தில் கடத்தல் சரக்கு பற்றிப் பேசுகிறவர் போல, "வந்துச்சாமே?" என்றார். லாரி வரிசையில் இருந்தும் போன் வந்தது. "அக்கா, உங்களுக்குக் காத்து போவணும்னு திருவொற்றியூர் கோயில்ல வேண்டிக்கினு கீறேன்" என்றார் பந்தை ஏற்ற முடியாத அந்த மீஞ்சூர்க்காரர்.

இத்தனை பேர் எதிர்பார்த்தால் எந்தக் காற்றுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் அமலோற்பவம் கட்டிலருகில் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர் பேச்சுக்குப் பிறகு அவள் மருத்துவத்தை நம்புவதை விட்டிருந்தாள். ஞானதுரை கைகட்டி நின்றார். ஃப்ளோரா அப்போதுதான் ஒரு நடை முடித்து வந்து உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடித்து, அடுத்த பத்தைத் தொடங்குவதற்கு மூச்சு வாங்கினாள். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், எந்த ஐயத்துக்கும் இடமில்லாமல், நீளமாக, அது நடந்தது.

யாரும் அசையவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரஹீமுன்னிசாவின் குரல் மட்டும் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்."

ஃப்ளோரா சிரிக்க ஆரம்பித்தாள். தையல் இழுத்தது, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். அமலோற்பவம் கோபமாக இருக்க எவ்வளவோ முயன்று பார்த்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ஞானதுரை வராந்தாவுக்கு ஓடினார். அவர் போனில் பேசுவது வார்டு முழுவதும் கேட்டது. "ஆமாபா. போச்சு. நல்லாவே போச்சு. திங்கக்கெழம கடை தொறந்துடும்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு."

அந்தக் கடைசி வரி ஃப்ளோராவுக்கும் கேட்டது. அவள் சிரிப்பு நின்றது.

ஞானதுரை இந்தப் புது மருத்துவத்தின் மேல் பெரிய மரியாதை கொண்டிருந்தார். ஆபரேஷன் அன்றே நடக்கிறாள், மறுநாளே சாப்பிடுகிறாள் என்றால் திங்கட்கிழமை அடுப்படியில் நிற்க மாட்டாளா என்பது அவர் கணக்கு. பரவாயில்லை, காலத்துக்கு ஏற்ற ஆஸ்பத்திரி என்று சந்து முழுவதும் சொல்லி வைத்திருந்தார்.

மறுநாள் காலை டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சாப்பாடு தங்குகிறது, வலி மாத்திரையில் அடங்குகிறது. "ரொம்ப நல்லா தேறிட்டீங்க. நாளைக்கு வீட்டுக்குப் போலாம்" என்றார்.

ஃப்ளோரா அழுதாள்.

டாக்டர் திகைத்துப் போனார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். தஸ்னீம் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வலியெல்லாம் ஒண்ணியும் இல்ல சார்" என்றாள் ஃப்ளோரா. "எனுக்கு இன்னும் கொஞ்ச நாள் இங்கயே படுக்க வுடுங்கோ. நாற்காலி வோணாம், நடக்கறது வோணாம். சொம்மா படுத்துகினு இருக்கறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தபா கூட என்னிய யாரும் படுன்னு சொன்னதில்ல சார். கட்டின்னு நீங்க சொன்னப்போ, சரி, இப்பவாச்சும் படுக்கலாம்னுதான் நெனச்சேன். ரெண்டு நைட்டி எடுத்தேன். நீங்க இன்னாடான்னா கண்ணு முழிக்கறதுக்குள்ள எழுப்பி வுட்டீங்கோ. வூட்டுக்குப் போனா நேரா அடுப்புதான். அந்தாளு திங்கக்கெழமன்னு சொல்லியே வச்சிட்டாரு."

அந்தாளு கட்டிலின் கால்மாட்டில் ஆப்பிள் பையோடு நின்றுகொண்டிருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆப்பிளைப் பார்த்தார்.

முதல் நாள் இந்த அம்மா கேட்ட கேள்வியின் அர்த்தம் டாக்டர் பாலகணேஷுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"அம்மா, நடங்கன்னுதான் சொன்னேன். வேலை செய்யுங்கன்னு யாரு சொன்னா? ரெண்டும் வேற" என்றார். பிறகு ஞானதுரை பக்கம் திரும்பினார். "சார், இங்க வாங்க. உள்ள குடலச் சேத்துத் தச்சிருக்கு. வெளிய தெரியற தையல் சின்னதுங்கறதால உள்ளயும் சின்னதுன்னு நெனச்சுடாதீங்க. ஆறு வாரத்துக்கு இவங்க கனமான எதையும் தூக்கக் கூடாது. மாவுக் குண்டான், தண்ணிக் குடம், சோத்துப் பானை, ஒண்ணும் கூடாது. அடுப்பு முன்னால நிக்க வேணாம். காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. வீட்டுக்குள்ள இல்ல, வெளிய. மத்தியானம் தூங்கட்டும். முட்டை, மீன், பருப்பு கொறையக் கூடாது. அத இவங்க சமைக்கவும் கூடாது. யாரு சமைக்கிறீங்க?"

எல்லோரும் ஞானதுரையைப் பார்த்தார்கள்.

"நான்தான் சார்" என்றார் ஞானதுரை. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

"நல்லது. காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பி வலிச்சா உடனே கூப்பிடணும். தினம் காலையில நர்ஸ் போன் பண்ணுவாங்க. நடந்தாங்களா, சாப்பிட்டாங்களான்னு உங்களைத்தான் கேப்பாங்க."

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை எங்கள் சந்து இன்றும் பேசுகிறது. திங்கட்கிழமை கடை திறந்தது. அடுப்படியில் ஞானதுரை நின்றார். வேலையிலிருந்து லீவு போட்டுக்கொண்டு சாவியோ இட்லித் தட்டில் எண்ணெய் தடவினான். ஃப்ளோரா சாலைக்கு அந்தப் பக்கம் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயால் மட்டும் சமையல் சொன்னாள். "உப்பு போட்டியா?" என்பாள். "போட்டேன்" என்பார். "யாரு போட்டது, நீயா அவனா?" என்பாள். இரண்டு பேருமே போட்டிருப்பார்கள். முதல் நாள் சாம்பாரைக் குடித்த ஒரு டிரைவர், அந்த ஆஸ்பத்திரியின் முகவரியைத் தனக்கும் கொடுக்கும்படி பணிவாகக் கேட்டார்.

தஸ்னீம் தினமும் காலையில் போன் செய்தாள். ஞானதுரை கையில் மாவோடு போனை எடுத்து, "நடந்துச்சும்மா, நல்லா துன்னுச்சும்மா" என்று ஒப்பிப்பார். ஒரு நாள் பழக்க தோஷத்தில், "எனுக்குத்தாம்மா இடுப்பு" என்று தொடங்கிவிட்டார். "நீங்களும் நடங்க சார்" என்று அவள் வைத்துவிட்டாள்.

தையல் ஆறியபின் கட்டியின் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலையில், குடல் சுவரோடு நின்றிருந்தது. பக்கத்து நெறிக்கட்டிகள் சுத்தம். மேற்கொண்டு மருந்து வேண்டாம், தவறாமல் வந்து காட்டிக்கொண்டால் போதும் என்றார்கள். அன்று ராத்திரி ஞானதுரை யாரும் சொல்லாமலே மாவு அரைத்தார். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே அவர் மூக்கை உறிஞ்சுவது ஃப்ளோராவுக்குக் கேட்டது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்கால நடையைத்தான் அவள் முதலில் வெறுத்தாள். கணவரும் மகனும் வேர்த்துக் கொட்டி நிற்கும்போது கையை வீசிக்கொண்டு கிளம்புவதற்குக் கூச்சமாக இருந்தது. மாதா கோயில் வரை போனாள். அடுத்த வாரம் மீன்பிடித் துறைமுகத்தின் வாசல் வரை. வழியில் கடைக்காரர்கள், "இன்னா ஃப்ளோராம்மா, எங்க போற?" என்று கேட்டார்கள். எங்கேயும் போகவில்லை என்பது சொல்லக் கஷ்டமான பதிலாக இருந்தது. "டாக்டரு சொன்னாரு" என்றாள். பிறகு அதுவே பழகிவிட்டது. கையில் பை இல்லாமல், வாங்க ஒன்றும் இல்லாமல், திரும்பிப் போனால் செய்ய ஒன்றும் இல்லாமல் தெருவில் நடப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அமலோற்பவம் ஒரு நாள் துணைக்கு வந்தாள். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். "நீ முன்னால போ, எனுக்கு இதெல்லாம் தேவையில்லன்னு அந்த டாக்டருகிட்ட சொல்லு" என்றாள். ஆனாலும் அடுத்த வாரம் செருப்பை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஆறு வாரம் முடிந்து, வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் சாயங்கால நடை நிற்கவில்லை. ஃப்ளோரா கடைக்குத் திரும்பினாள். குழம்பு அவள் கையில், குண்டானும் கிரைண்டரும் ஞானதுரை கையில் என்று ஏற்பாடு. வெயில் தாழ்ந்ததும் அவள் முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் ராயபுரம் ஸ்டேஷன் வரை நடந்து, பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மின்சார ரயில் ஒன்று வந்து நின்றது. கூட்டம் இல்லை. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சமைத்திருக்கிறாள், அது எங்கே போகிறது என்று போய்ப் பார்த்ததில்லை. எழுந்து போய் டிக்கெட் வாங்கினாள். அடுத்த வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தண்டையார்பேட்டை போனது, திருவொற்றியூர் போனது. எண்ணூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தது. சேற்றில் வெள்ளைக் கொக்குகள் நின்றன. தூரத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்.

போன் அடித்தது.

"எங்கமே கீற?" என்றார் ஞானதுரை.

"நடந்துகினு கீறேன்."

"இன்னா அது, தடதடன்னு சத்தம்?"

"வேகமா நடக்குறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, ராத்திரிக்கு இன்னா பண்றது? ரசம் வைக்கட்டா?"

"வையி. புளிய மொதல்லயே ஊறப் போட்டுக்கோ. நான் வரத்துக்குள்ள ஆறிப் போனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அத்திப்பட்டில் இறங்கி, பிளாட்பாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். டீக்கடைக்காரர் எந்த ஊரும்மா என்று விசாரித்தார். ராயபுரம் என்றாள். இங்கே யாரைப் பார்க்க வந்தீர்கள் என்றார். யாரையும் இல்லை என்றாள். அவர் அதற்கு மேல் கேட்காமல் சர்க்கரை கொஞ்சம் அதிகம் போட்டு டீயை நீட்டினார். அதைக் குடித்துவிட்டு, திரும்பிப் போகும் வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டுக்கொண்டு படியேறினாள்.